டிவி கேள்வி பதில்: ரகசிய மெனுவுக்குள்ள போலாமா வேணாமா?

இந்தத் தடவை வந்த கேள்விங்க முக்கால்வாசி ஒரே சங்கதிதான், டிவிக்குள்ள ஒளிஞ்சிருக்குற சர்வீஸ் மெனு. டிக்டாக் பாத்துட்டு எல்லாரும் ரிமோட்ட கையில எடுத்துட்டீங்க போல. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், எந்த பிராண்டுக்கு எந்த பட்டன் வரிசைன்னு இங்க போட மாட்டேன், கேட்டு மறுபடி எழுதாதீங்க.

அண்ணே, வீட்டு ஹால்ல 55 இன்ச் எல்இடி டிவி, வாங்கி நாலஞ்சு வருசம் ஆச்சு. பகல்ல வெளிச்சம் அடிச்சா படமே தெரிய மாட்டேங்குது. கூட்டாளி ஒருத்தன் வாட்சப்ல வீடியோ அனுப்பினான், ஏதோ நாலு பட்டன வரிசையா அமுக்குனா ஒரு மெனு வருமாம், அதுல பேக்லைட்ட ஏத்திவிட்டா புது டிவி மாதிரி ஆயிடுமாம். செய்யலாமா?
*(செந்தூல் வாசகர்)*

வேணாம் தம்பி. அந்த மெனு எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சா நீங்களே கைய எடுத்துடுவீங்க. ஃபாக்டரியில செட்ட மாட்டி முடிச்சதும் போர்டுக்கு சில விசயங்கள சொல்லிக் குடுக்கணும், முன்னாடி இருக்குற பேனல், அதாவது திரை, எந்தக் கம்பெனியோடது, உள்ள சேனல் பிடிக்கிற டியூனர் என்ன, எந்த நாட்டுக்குப் போற செட்டு, வெள்ளைக்கு செவப்பு பச்சை நீலம் எவ்வளவு கலக்கணும், இப்படி. அதெல்லாம் மெயின்போர்டுல ஒரு மெமரி சிப்புல போய் உக்காந்துக்கும். அப்புறம் போர்டு மாத்துற டெக்னீசியனுக்கு அதே விசயம் வேணும், அதுக்காக வெச்ச கதவுதான் இது, நமக்காக வெச்சது இல்ல.

சாதா மெனுவுல பேக்லைட்ட கடைசி வரைக்கும் தள்ளுங்க, உடனே ஒண்ணும் ஆகாது, ஏன்னா அந்தக் கடைசி எதுன்னு கம்பெனிக்காரன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வேலி கட்டியிருக்கான். சர்வீஸ் மெனுவுல அந்த வேலி கிடையாது. வெறும் எழுத்தும் நம்பரும்தான் இருக்கும், இது என்னன்னு ஒரு வார்த்தை விளக்கம் இருக்காது, நெறைய செட்டுல ஓகே கூட அமுக்க வேண்டியதில்ல, வலது பக்க அம்புக்குறிய ஒரு தடவை தட்டுனாலே மாறி சேவ் ஆயிடும், நீங்க பாக்குறதுக்காகத்தான் உள்ள போனேன்னு சொன்னா அதுக்குத் தெரியுமா.

இப்ப உங்க பேக்லைட்டுக்கு வருவோம். பேனலுக்குப் பின்னாடி நீளநீளமா பட்டி ஒட்டியிருக்கும், ஸ்ட்ரிப்புன்னு சொல்வாங்க, அதுல வரிசையா சின்னச் சின்ன எல்இடி, ஒவ்வொண்ணு மேலயும் சட்டை பட்டன் சைஸுல ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். அதுக்குப் போற கரண்ட்ட ஏத்துனா வெளிச்சம் கொஞ்சம் கூடும், சூடு அதவிட அதிகமா கூடும், ஏற்கெனவே நாலு வருசம் எரிஞ்சு களைச்சுப்போன எல்இடி அது. இதெல்லாம் சீரியல்ல போட்டிருக்குறதால ஒண்ணு அத்துப்போனா அந்த வரிசையே அணைஞ்சிடும், பல செட்டுல எல்இடிக்கு கரண்ட் குடுக்குற டிரைவர் சர்க்யூட் அதக் கண்டுபிடிச்சு மொத்த பேக்லைட்டையும் நிறுத்திடும். அப்புறம் சத்தம் வரும் படம் வராது. லைட்ட அணைச்சுட்டு ஃபோன் டார்ச்ச திரைமேல சாய்வா அடிச்சுப் பாத்தா படம் மங்கலா உள்ள ஓடிட்டு இருக்கறது தெரியும், தெரிஞ்சா பேக்லைட் போச்சுன்னு அர்த்தம்.

ஸ்ட்ரிப் மாத்தலாம், கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைங்க பக்கம் கேட்டா உங்க மாடலுக்கு செட்டா கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஆனா கஷ்டம் சாமான் விலையில இல்ல. அந்தப் பெரிய கண்ணாடி பேனல நெளியாம தூக்கி வெளிய வெக்கணும், அதோட ஓரத்துல காகிதம் மாதிரி மெல்லிசா ரிப்பன் ஒட்டியிருக்கும், அது ஒண்ணு இழுபட்டாலும் திரையில மேல இருந்து கீழ கோடு விழுந்துடும், அப்புறம் அத சரிபண்றது ரொம்பக் கஷ்டம். வீட்டுல யூடியூப் பாத்து செய்யுற வேலை இல்ல.

இதுக்கெல்லாம் முன்னாடி சாதா மெனுவுக்குப் போய் பவர் சேவிங், ஈக்கோ, லைட் சென்சார் இந்த மூணையும் அணைங்க, பிக்சர் மோட் என்னன்னு பாருங்க. மங்கலா இருக்குன்னு வர்ற செட்டுல எத்தனையோ இதுலயே சரியாயிடும்.

சார், மகன் ஏதோ வீடியோ பாத்து சர்வீஸ் மெனுவுக்குள்ள போய் பேனல் டைப்னு ஒண்ண மாத்திட்டான். படம் தலைகீழா நிக்குது, மனுசங்க முகமெல்லாம் பழைய ஃபிலிம் நெகடிவ் மாதிரி இருக்கு. அவன் ரூம விட்டு வெளிய வரவே இல்ல.
*(பட்டர்வொர்த் வாசகி)*

மொதல்ல பிள்ளைக்கு சாப்பாடு போடுங்கம்மா, இது சரிபண்ணக்கூடியது. ஒரே மாடல் நம்பர் போட்டிருந்தாலும் கம்பெனிக்காரன் பேனல ரெண்டு மூணு இடத்துல வாங்குவான், இதுல எது உள்ள இருக்குன்னு போர்டுக்கு சொல்லணும், அதுதான் பேனல் டைப். படத்த எந்தப் பக்கத்துல இருந்து வரையணும், கலர் டேட்டாவ எந்த வரிசையில அனுப்பணும்னு பேனலுக்குப் பேனல் வேற. டேட்டா வரிசையில வெஸா, ஜெய்டான்னு ரெண்டு முறை உண்டு, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு போனா கலர் இப்படித்தான் பேய் அடிச்ச மாதிரி வரும். பேனலுக்கு ஒண்ணும் ஆகல.

உங்களுக்கு அதிர்ஷ்டம் என்னன்னா தலைகீழா இருந்தாலும் மெனு கண்ணுக்குத் தெரியுது. வேற எதையும் தொடாம, குறிப்பா அங்க ரீசெட்னு ஏதாவது இருந்தா அதத் தொடாம, பையன் எந்த இடத்துல மாத்தினானோ அதே இடத்துக்குப் போய் பழையத வெக்கணும். பழையது என்னன்னு அவனுக்கு ஞாபகம் இல்லன்னா செட்டு பின்னாடி ஸ்டிக்கர்ல மாடல் நம்பருக்குப் பக்கத்துல வெர்சன்னு ஒரு குறியீடு இருக்கும், சாம்சுங் செட்டுல எல்லாம் உண்டு, அத ஃபோட்டோ எடுத்து சர்வீஸ்காரர்கிட்ட குடுத்தா எந்தப் பேனல்னு சொல்லிடுவார். சொன்ன பிறகும் நீங்க மாத்த வேணாம், அவரையே மாத்தச் சொல்லுங்க.

இதே தப்பு இன்னும் மோசமா போறது எப்படின்னா, திரை மொத்தமா கருத்துடும். மெனு உள்ள இருக்கு, நமக்குத் தெரியல. அதே மாடல் இன்னொரு செட்ட பக்கத்துல வெச்சுக்கிட்டு அதப் பாத்து எண்ணி எண்ணி இங்க குருட்டாம்போக்குல பட்டன் அமுக்கி மீட்டவங்க உண்டு. அதுவும் முடியலன்னா அந்த மெமரி சிப்ப, சிப்புல டேட்டா எழுதுற புரோகிராமர்ங்கற கருவியில போட்டு எழுதணும். இங்கதான் ஒரு வம்பு, நெட்டுல இருந்து யாரோ ஒருத்தரோட ஃபைல எடுத்து அப்படியே ஏத்திட்டா உங்க செட்டோட சொந்த மேக் அட்ரஸ் (நெட்வொர்க்ல செட்ட அடையாளம் காட்டுற நம்பர்), எச்டிஎம்ஐக்கு வேண்டிய எச்டிசிபி சாவி (காப்பி தடுப்புக்கு), நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்புக்கு வேண்டிய லைசென்ஸ் எல்லாம் போயிடலாம். படம் வந்துடும், நெட்ஃபிளிக்ஸ் ஓடாது. அதனால எழுதுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறத காப்பி எடுத்து வெக்கிறாரான்னு கேளுங்க, எடுக்கலன்னா வேற கடை பாருங்க.

ஹோட்டல்ல இருந்து எடுத்த செகண்ட் ஹேண்ட் டிவி ஒண்ணு மலிவா கிடைச்சுது. சவுண்ட் 20க்கு மேல ஏறல, ஆன் பண்ணா எப்பவும் ஒரே சேனல்லதான் வருது, செட்டிங்ஸ தொறக்கவே விடல. ரிப்பேர் செட்ட தலையில கட்டிட்டாங்களா?
*(ஆயர் ஈத்தாம் வாசகர்)*

ரிப்பேர் இல்லீங்க, அதுக்குப் பேர் ஹோட்டல் மோட். பக்கத்து ரூம்காரன் தூங்கணுமே, அதுக்காக சவுண்டுக்கு ஒரு வரம்பு, கெஸ்ட் யாரும் ட்யூனிங்க கலைக்கக்கூடாதுன்னு மெனுவுக்கு ஒரு பூட்டு. இத எடுக்க மட்டும் உள்ள போய்த்தான் ஆகணும், நான் சரின்னு சொல்ற ஒரே விசயம் இதுதான். எல்ஜியில இதுக்குன்னு தனியா இன்ஸ்டலேஷன் மெனு இருக்கு, சாம்சுங்ல ஹோட்டல் ஆப்ஷன்னு இருக்கும். ஹோட்டல் மோட ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்துடணும், போனது போனோம்னு அக்கம்பக்கம் எட்டிப் பாக்கக்கூடாது. உள்ள நுழைஞ்சதும் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வெச்சுக்கிட்டா பின்னாடி கை தவறினாலும் திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

கடையில டிஸ்பிளேக்கு வெச்சிருந்த செட்ட ஆஃபர்ல எடுத்தோம். திரை மேல விளம்பரப் பட்டை ஓடிட்டே இருக்கு, பிக்சர் செட்டிங்க மாத்தினா கொஞ்ச நேரத்துல தானா பழையபடி ஆயிடுது.
*(ஸ்தாப்பாக் வாசகி)*

கடை மோட். இதுக்கு ரகசிய மெனு எதுவும் வேணாம், சாதா செட்டிங்ஸ்லயே ஸ்டோர் இல்லன்னா ரீடெயில்னு இருக்கறத ஹோம்னு மாத்துங்க. முடிஞ்சுது.

வெள்ளை கலர் எல்லாம் நீலமா, சில இடத்துல ஊதாவா தெரியுது. சர்வீஸ் மெனுவுல ஒயிட் பேலன்ஸ் இருக்காமே, நீலத்தக் கொறைச்சா சரியாயிடுமா?
*(ஜெலுத்தோங் வாசகர்)*

கொஞ்ச நாளைக்கு சரியான மாதிரி தெரியும். வெள்ளை எல்இடின்னு நாம சொல்றதே உண்மையில நீல எல்இடிதான், மேல மஞ்சளா ஒரு பாஸ்பர் பூசியிருப்பாங்க, ரெண்டும் கலந்துதான் வெள்ளையாத் தெரியுது. வருசக்கணக்கா சூட்டுல வெந்து அந்தப் பூச்சு கெட்டுப்போச்சுன்னா நீலம் அப்படியே வெளிய வந்துடும். இப்ப மெனுவுல நீலத்தக் கொறைச்சா படம் இன்னும் மங்கும், மங்குதேன்னு பேக்லைட்ட ஏத்துவீங்க, ஏத்துனா சூடு, சூடான பூச்சு இன்னும் கெடும். அதுவும் எல்லா எல்இடியும் ஒரே மாதிரி கெடாது, திரையில ஒரு பக்கம் சரியா வந்தா மறுபக்கம் மஞ்சளாயிடும். ஸ்ட்ரிப் மாத்துறதுதான் வைத்தியம், செட்டு பழசுன்னா அந்தச் செலவு தேவையான்னு யோசிச்சுக்குங்க.

ஆஸ்திரேலியாவுல இருந்து தம்பி ஊருக்கே திரும்பி வந்துட்டான், டிவியையும் கொண்டாந்தான். மைடிவி, அதான் நம்ம இலவச டிஜிட்டல் டிவி, அதுல சேனல் ஒண்ணும் வரல. சர்வீஸ் மெனுவுல ஏரியாவ மலேசியான்னு மாத்தினா வரும்னு ஒரு கடைக்காரர் சொன்னாரு, 150 வெள்ளி கேக்குறாரு லா.
*(பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)*

குடுக்காதீங்க. நம்ம நாட்டுல பழைய அனலாக் ஒளிபரப்ப 2019ல நிறுத்தியாச்சு, இப்ப வர்றது டிவிபி-டி2ங்கற டிஜிட்டல் முறை. ஆஸ்திரேலியாவுல ஓடுறது அதுக்கு முந்தின டிவிபி-டி. ரெண்டையும் பிடிக்கிற டியூனர் அந்த செட்டுல இல்லன்னா ஏரியாவ மலேசியான்னு போடுங்க, நிலான்னு போடுங்க, சிக்னல் வராது. இல்லாத பார்ட்ட மெனுவால உண்டாக்க முடியாதுங்க. மாத்தப் போய் இருக்குற ஆப்பும் மொழியும் இடம் மாறினதுதான் மிச்சமாகும். ஒரு மைடிவி டிகோடர் வாங்கி எச்டிஎம்ஐயில சொருகுங்க, ஒரு யுஎச்எஃப் ஏரியல் போடுங்க, வேலை முடிஞ்சுது. கரண்டுக்கு கவலை இல்ல, அங்கயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாத்தணும். இதுவே ஜப்பான்ல இருந்தோ அமெரிக்காவுல இருந்தோ வந்த செட்டா இருந்தா பின்னாடி எத்தனை வோல்ட்னு படிக்காம சொருகவே சொருகாதீங்க.

எல்ஜி ஓஎல்இடி வெச்சிருக்கேன். நியூஸ் சேனல் பாக்கும்போது தானா மங்கிடுது, எரிச்சலா இருக்கு. சர்வீஸ் ரிமோட் ஷாப்பியில கிடைக்குது, அத வாங்கி டிபிசி, ஜிஎஸ்ஆர்னு ரெண்ட ஆஃப் பண்ணா மங்காதாமே?
*(மோன் கியாரா வாசகர்)*

மங்காது, உண்மைதான். ஆனா ஓஎல்இடில ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது, எரிய எரிய தேயுது. திரையில அசையாம ஒண்ணு நின்னா, சேனல் லோகோ, கீழ ஓடுற நியூஸ் பட்டை, அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேஞ்சு நிழல் மாதிரி தங்கிடும், அதத் தடுக்கத்தான் அந்த மங்கல். அதுவும் நீங்க பாக்குறதே நியூஸ் சேனல்! காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரே லோகோ நிக்கிற வீட்டுல இத அணைக்கறது வேணும்னே பேனலக் கெடுக்குற மாதிரி. வாரண்டியும் போச்சுன்னு வெச்சுக்குங்க. இருட்டு சீன் அதிகமா வர்ற படம் மட்டும் பாக்குறவங்க சிலர் அணைச்சு வெச்சிருக்காங்க, அது அவங்க காசு.

இன்னொண்ணு, அந்த சர்வீஸ் ரிமோட்ட வீட்டுல சும்மா கூட வெக்காதீங்க. சாதா ரிமோட்ல நாலஞ்சு பட்டன் வரிசையா அமுக்கணும், இதுல ஒரே பட்டன்தான், பேரப்பிள்ளை கையில கிடைச்சா என்ன ஆகும்னு யோசிங்க. ஐஆர், அதாவது ரிமோட் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒளி விடுற வசதி, இருக்குற ஃபோன்ல ஆப் போட்டு செய்யுறதும் இதே கதைதான்.

டிவி ஓரத்துல சின்னதா எம்னு ஒரு எழுத்து வந்து போக மாட்டேங்குது. வைரஸா?
*(சுங்கை டுவா வாசகி)*

இல்லம்மா. சில சீனா பிராண்டு செட்டு ஃபாக்டரி மோட்ல மாட்டிக்கிட்டா அப்படிக் காட்டும், வீட்டுல யாரோ எதையோ அமுக்கியிருக்காங்க. சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் பண்ணி மாடல் நம்பரச் சொல்லுங்க, எடுக்கறது சின்ன வேலை. அந்த மோட்லயே விட்டு வெச்சா சில செட்டுல கரண்ட் குடுத்ததும் தானா ஆன் ஆகும், ராத்திரி கரண்ட் போயிட்டு வந்தா பயந்துடாதீங்க.

வாரண்டி இன்னும் முடியல, திரையில கோடு விழுந்துடுச்சு. நாங்க எந்த மெனுவுக்குள்ளயும் போகல, ஆனா நீங்க சர்வீஸ் மெனுவ நோண்டியிருக்கீங்கன்னு சொல்லி கிளெய்ம் தள்ளிட்டாங்க. என்ன செய்யறது?
*(கெப்போங் வாசகர்)*

ஐயா, எந்த செட்டிங் மாறியிருக்கு, அதனால எப்படி கோடு விழுந்துச்சுன்னு எழுத்துல கேளுங்க. வாயால சொன்னத எழுதித் தரச் சொன்னாலே பாதிப் பேர் இறங்கி வந்துடுவாங்க. ஒரு செங்குத்துக் கோடு பெரும்பாலும் நான் மேல சொன்ன ரிப்பன் ஒட்டு விட்டுப்போறதால வர்றது, அத மெனுவால உண்டாக்கறது லேசு இல்ல. மெனுவால வந்ததா இல்லையான்னு பாக்க ஒரு வழி இருக்கு, டிவியோட சொந்த மெனுவத் திறங்க, கோடு அது மேலயும் ஓடுதா, ஆஸ்ட்ரோல, யுஎஸ்பில எல்லாத்துலயும் அதே இடத்துல நிக்குதான்னு பாத்து வீடியோ எடுத்து வெச்சுக்குங்க, அப்படி நின்னா கோளாறு பேனல்ல.

அதுக்கும் மசியலன்னா பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கு, திரிபியூனல்னு சொல்றது. 50,000 வெள்ளி வரைக்குமான வழக்கு எடுத்துக்குவாங்க, மனு போட 5 வெள்ளிதான், லாயர் தேவையில்ல, மூணு வருசத்துக்குள்ள போடணும். வாங்கின ரசீது, வாரண்டி கார்டு, அவங்க மறுத்து எழுதினது, அந்த வீடியோ எல்லாம் கையில இருக்கட்டும். நிஜமாவே நோண்டியிருந்தா மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க, ஹியரிங்ல செட்டத் திறந்து நம்பரக் காட்டிட்டாங்கன்னா பேச ஒண்ணும் இருக்காது.