தங்கமும் கந்தகமும்: கேட்டவர்களுக்குப் பதில்

டவுன் நகைப்பட்டறை நண்பர்: தங்கம் எதோடும் ஒட்டாது என்பார்களே அண்ணாச்சி, கந்தகத்தோடு மட்டும் எப்படி?

இராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைகிறதே, அந்த மஞ்சள் கரைசலில் தங்கம் +3 நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரானை இழந்து இருக்கும். அதில் தயோல், அதாவது கந்தகமும் ஹைட்ரஜனும் நுனியில் உள்ள கரிமச் சேர்மம், ஊற்றினால் (குடலைப் புரட்டும் நாற்றம்!) ஒரு தங்க அணுவுக்கு மூன்று தயோல் செலவு. இரண்டு தயோல் கந்தகத்தோடு கந்தகம் இணைந்து டைசல்பைடாகித் தங்கத்தை +1க்கு இறக்கும். மூன்றாவது அதைப் பிடித்துக்கொள்ளும். பீங்கான் கோப்பை விளிம்பில் தங்கக் கோடு இருக்கிறதல்லவா? அதற்குத் தடவுவதும் இந்த வகைதான். சூளையில் கந்தகம் எரிந்துபோக, தங்கம் மட்டும் நிற்கும்.

பாளையங்கோட்டை எம்.எஸ்சி. மாணவி: அப்படித்தான் சார் செய்தேன். எதிலும் கரையாத பொடி வந்தது. படிகம் கிடைக்க என்ன வழி?

கரையாதும்மா. தங்கம், கந்தகம், தங்கம் என்று நீண்டுகொண்டே போகும் சங்கிலி அது. டிரைபினைல்பாஸ்பீன் தங்கக் குளோரைடில் (ஒரு பக்கம் பாஸ்பரஸும் மறுபக்கம் குளோரைடும் பிடித்த +1 தங்கம்) இருந்து தொடங்குங்கள். தயோலும் கொஞ்சம் டிரைஎத்தில் அமீன் என்ற காரமும் சேர்த்தால் குளோரைடு விலகி, தனித்தனி மூலக்கூறாக வரும். அதை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, மெல்லிய குழாயில் எடுத்து, மேலே ஹெக்சேனைச் சுவரோரமாக அலுங்காமல் விடுங்கள். வெளிச்சம் ஆகாது, அலுமினியத் தாள் சுற்றுங்கள். அப்புறம், டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் மேசைமேல் வைத்தால் படிகமா வரும்? குளிர்பெட்டிதான். தினமும் எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டுக்குப் பாகை ஊற்றியவர்கள் வாரக்கணக்கில் பானையைத் தொடுவதே இல்லை.

அதே மாணவி: படிகம் வந்தால் கட்டமைப்பில் எதைப் பார்க்கணும் சார்?

பாஸ்பரஸ், தங்கம், கந்தகம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். தங்கம்–கந்தகம் நீளம் 2.3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம், மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். பக்கத்து மூலக்கூறின் தங்கம் 3.0 முதல் 3.3 ஆங்ஸ்ட்ராமில் நின்றால் விடாதீர்கள். ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஈடான ஈர்ப்பு அது. ஈனி (தங்கத்தைப் பிடித்திருக்கும் மூலக்கூறு) பருமனாக இருந்தால் தங்கங்கள் நெருங்காது. தங்கத்தின் 79 எலக்ட்ரான் பக்கத்தில் ஹைட்ரஜன் எக்ஸ்-கதிரின் கண்ணுக்கே படாது, அதைக் கணக்கிட்டுத்தான் வைக்கணும். எக்ஸ்-கதிரைத் தங்கம் நிறைய விழுங்கும், அந்த இழப்பைச் சரிக்கட்டும் உறிஞ்சல் திருத்தத்தை மறக்க வேண்டாம்.

அம்பாசமுத்திரத்து வாசகர்: அம்மாவுக்கு மூட்டுவாதம். இது தங்க பஸ்பமா?

இல்லை, பஸ்பம் வேறு. 1985ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆரனோஃபின் என்ற மூட்டுவாத மருந்துதான் இந்தத் தங்கம்-கந்தகக் குடும்பம். இப்போது அதைவிட நல்ல மருந்துகள் உண்டு, வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். இதே நோய்க்குப் பல பத்தாண்டு ஊசியாகப் போட்ட, இதே குடும்பத்துத் தங்கத் தயோமாலேட்டின் படிகக் கட்டமைப்பு 1998ல்தான் வெளிவந்தது. இரண்டு சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிய இரட்டைச் சுருள்!