வென்று கொடுத்தவரை உட்காரவைக்கலாமா?

கேள்வி: அலபாமா மாநிலத்தில் வசிக்கிறோம். 2018 ஜனவரியில் நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையால் வீசியும் ஏந்தி ஓடியும் ஆடுவது) இறுதிப் போட்டியில், அலபாமா பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸை இடைவேளையில் மாற்றியது துரோகம் என்கிறார் என் கணவர். ஜெயித்தார்களே, அப்புறம் என்ன என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். ஒவ்வொரு சீசனிலும் இந்தச் சண்டைதான். யார் சொல்வது சரி?

பதில்: சகோதரி, மாற்றியது சரிதான். ஆனால் ஜெயித்ததால் சரி என்று உங்கள் மகன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிதாக இறங்கிய டுவா டகோவைலோவா, கூடுதல் நேரத்தில் எதிரணியிடம் சிக்கி 16 யார்டு இழந்தார். அடுத்த பந்தை 41 யார்டு வீசி டிவாண்டா ஸ்மித் கையில் சேர்த்தார். 26-23 என்று ஆட்டம் முடிந்தது. அந்தப் பந்து கை நழுவி அலபாமா தோற்றிருந்தால், மாற்றியது தவறு என்று ஆகிவிடுமா?

இடைவேளையில் பயிற்சியாளர் நிக் சேபன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பேச வேண்டும். எதிரணியான ஜார்ஜியா 13-0 என முன்னிலை. ஹர்ட்ஸ் எட்டுப் பந்து வீசி மூன்றுதான் சேர்ந்தன, மொத்தம் 21 யார்டு. அவருடைய பலம் ஓட்டம். அதை மட்டும் வைத்து அணியால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. பின்தங்கிய அணி வீசித்தான் மீள வேண்டும். வீசத் தெரிந்த முதலாண்டு மாணவர் பெஞ்சில் இருந்தார்.

உங்கள் கணவரின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. அந்த ஆட்டத்தையும் சேர்த்து, ஹர்ட்ஸ் தொடக்கத்தில் களமிறங்கிய 28 ஆட்டங்களில் 26 வெற்றி. அப்படிப்பட்டவரை உலகமே பார்க்க உட்காரவைத்தால் மனசு வலிக்கத்தான் செய்யும். ஆனால் துரோகம் என்ற வார்த்தை வேண்டாம். போன ஆட்டங்களின் வெற்றிக்காக அடுத்த ஆட்டத்தின் இடத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த சீசன் முழுக்க மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். 2018 டிசம்பரில், அந்த இறுதிப் போட்டி நடந்த அதே அட்லாண்டா அரங்கம், அதே ஜார்ஜியா. டகோவைலோவா காயத்தோடு வெளியேற, 28-21 என்று பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒரு டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வீசினார், இன்னொன்றுக்கு 15 யார்டு தானே ஓடினார். 35-28. அவரைப் பற்றிப் பேசும்போது சேபனுக்குக் குரல் தழுதழுத்தது.

அடுத்த சீசனுக்கு முன் அந்த டிசம்பர் ஆட்டத்தின் நான்காவது கால்பகுதியை மூன்று பேரும் உட்கார்ந்து பாருங்கள். அந்த 15 யார்டு ஓட்டத்தை உங்கள் கணவர் திரும்பப் போடச் சொன்னால் போட்டுக் காட்டுங்கள்.