இரவல் பாட்டுகள்

அன்புள்ள ஐயா,

நானே எழுதி மெட்டமைத்த பத்துப் பாடல்களை கித்தாருடன் பாடி, முதல் ஆல்பமாக வெளியிட இருக்கிறேன். ஸ்டூடியோ எடுப்பதா, வீட்டிலேயே பதிவு செய்வதா? அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் முதல் ஆல்பத்தை அடுத்தவர் பாட்டுகளைப் பாடி வீணாக்கிவிட்டார். அப்படி நான் செய்யமாட்டேன். சிங்கப்பூரில் இதைக் கேட்க ஆள் இருக்கிறார்களா என்ற பயமும் உண்டு. இரண்டு பாடல்களை இணைத்திருக்கிறேன்.

ஆர்., உட்லண்ட்ஸ்

அன்புள்ள ஆர்.,

ஸ்டூடியோவா வீடா என்பது காசு விஷயம். கேட்க ஆள் உண்டா என்பதைப் பாடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த 'வீணாக்கிவிட்டார்'தான் என்னை எழுத வைத்தது.

தம்பி, அந்த ஆல்பத்தைக் கேட்டீர்களா, அதைப் பற்றிப் படித்ததோடு சரியா? 1961 நவம்பரில், நியூயார்க்கில், இரண்டே நாளில் பதிவானது. டிலனுக்கு வயது 20. 13 பாட்டில் அவர் எழுதியவை 2. மறு வருடம் வெளிவந்து சரியாக விற்கவில்லை. அவரைப் பிடித்துவந்த தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டை இசைத்தட்டுக் கம்பெனிக்குள்ளேயே கேலி செய்தார்கள். இதுவரை உங்கள் கட்சிதான் ஜெயிக்கிறது.

சரி, 1963இல் வந்த இரண்டாவது ஆல்பத்தைப் பாருங்கள். அதிலும் 13 பாட்டு, இந்த முறை 11 அவருடையவை. அவை வானத்திலிருந்தா குதித்தன? 'ப்ளோயிங் இன் த விண்ட்' மெட்டு கறுப்பின அடிமைகளின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. முதல் ஆல்பத்தில், தான் குருவாக நினைத்த நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரிக்காக எழுதிய சொந்தப் பாட்டுக்குக்கூட கத்ரியின் மெட்டையே எடுத்துக்கொண்டார். அடுத்தவர் பாட்டைப் பாடிப் பாடித்தான் அந்தத் தொண்டை உருவானது. (சக பாடகர் டேவ் வான் ராங்க் தன் பாணியில் அமைத்துவைத்திருந்த ஒரு பழைய பாட்டை அவரிடம் கேட்காமலே பதிவு செய்தது அயோக்கியத்தனம். அதை மட்டும் செய்யாதீர்கள்.)

ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து தோ பாயோவுக்கு வந்தவர் என் பெரியம்மா. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சாவு விழுந்தால் ஒப்பாரி பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். மெட்டும் பாதி வரிகளும் அவருடைய ஆத்தா பாடியவை. அதற்குள் செத்தவர் ஓட்டிய பஸ் நம்பரை வைப்பார், கடன்பட்டு வாங்கிய மூவறை வீட்டை வைப்பார், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த தம்பியை வைப்பார். அந்தத் தம்பி ஓவென்று அழுவார். இதில் எது இரவல், எது சொந்தம் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நீங்கள் மட்டும் கடன் வாங்காதவரா? உங்கள் முதல் பாட்டு, யூடியூபில் ஆயிரம் பேர் பாடும் ஆங்கில கித்தார் பாட்டு. தமிழ்ச் சொற்களை மேலே ஒட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உச்சரிப்பும் அந்த ஊருக்கே போய்விட்டது.

இரண்டாவது வேறு. துவாஸில் இரவு வேலை முடித்து அப்பா வரும் பாட்டு. மூன்றாவது சரணத்தில் குரல் தானாக ஒரு தாலாட்டு இழுப்புக்குள் போகிறது. அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. அதை யாரோ உங்களுக்குப் பாடியிருக்கிறார்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

ஆல்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் உங்கள் புளோக்கில் இருக்கும் பாட்டி யாரிடமாவது போய் இரண்டு பாட்டு முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பத்தில் சுமாரான இரண்டை எடுத்துவிட்டு இவற்றைப் பாடுங்கள். யாரிடம் கற்றது என்று அட்டையில் பெயர் போடுங்கள். அப்புறம், முதல் நாளே போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். வெட்கப்பட்டுப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.