நோட்டிஃபிகேஷன் தொல்லைக்கும் பிரைவசிக்கும் எந்த எக்ஸ்டென்ஷன் போடலாம்?

கேள்வி: "பிரவுசரில் ஓயாமல் நோட்டிஃபிகேஷன் வருகிறது. எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே விளம்பரம் பின்னாலேயே வருகிறது. யூபிளாக் ஆரிஜின், பிரைவசி பேட்ஜர், கோஸ்டரி, இவற்றில் எது நல்லது? மூன்றையும் சேர்த்தே போட்டுவிடலாமா?"

மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். நோட்டிஃபிகேஷனை நிறுத்த எக்ஸ்டென்ஷனே, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரலே வேண்டாம். ஏன் என்று எங்கள் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) கதையிலிருந்து சொல்கிறேன்.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முன்கட்டில் நாலு அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விடுகிறோம். புக்கிங் மெயிலெல்லாம் பார்ப்பது அப்பச்சிதான். முகப்பில் பழைய கணக்குப்பிள்ளை மேசை மேல் லேப்டாப் இருக்கும். போன சித்திரையில் ஒரு நாள் போன் பண்ணினார். "ஏப்பா, கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்குன்னு அதுவே சொல்லுது. ஒரு நம்பர் குடுத்திருக்கான், போட்டுப் பாக்கவா?" வேண்டவே வேண்டாம் அப்பச்சி என்று சொல்லிவிட்டுக் காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினேன்.

திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கேடயம் போட்ட ஒரு பெட்டி. மூடினால் அடுத்தது வருகிறது. இத்தனைக்கும் குரோமில் விளம்பரத் தடுப்பான் ஏற்கெனவே போட்டிருந்தேன். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. தடுப்பான் காவல் காப்பது நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கம் எங்கெங்கிருந்தோ இழுத்து வருகிறதே, அந்த வாசலை. நோட்டிஃபிகேஷன் அந்த வாசல் வழியாக வருவதில்லை. ஒரு தளத்துக்கு ஒருமுறை 'அலவ்' கொடுத்துவிட்டால் போதும். அது அனுப்புவது பிரவுசர் கம்பெனியின் சர்வர் வழியாக நேரே நம் பிரவுசருக்கு வந்து சேரும். தளத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டியதில்லை. குரோமில் இந்த வசதி 2015-லும் ஃபயர்ஃபாக்ஸில் 2016-லும் வந்தது.

அப்பச்சி பஞ்சாங்கம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்தவும்" என்றிருக்கிறது. ரோபோ இல்லைதானே, அமுக்கிவிட்டார். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். அவருடையதில் பதினேழு. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைத்தேன். இரண்டு நிமிட வேலை.

சரி, நாம் போகும் தளங்களையெல்லாம் குறித்துக்கொண்டு பின்தொடரும் டிராக்கர்களுக்கு வருவோம். இங்கேதான் எக்ஸ்டென்ஷன் உதவும். என் ஓட்டு யூபிளாக் ஆரிஜினுக்கு, அதுவும் ஃபயர்ஃபாக்ஸில். ரேமண்ட் ஹில் 2014-ல் தொடங்கியது, இலவசம், நிரல் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. குரோமில் 2024-லிருந்து பழைய முறை எக்ஸ்டென்ஷன்களைக் கூகுள் படிப்படியாக நிறுத்திவிட்டதால் அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட்தான் கிடைக்கும். தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வகை அது. சாதாரண ஆளுக்குப் போதும், முழு யூபிளாக் ஆரிஜினின் கெட்டித்தனம் இருக்காது.

பிரைவசி பேட்ஜர் இ.எஃப்.எஃப். என்ற லாபநோக்கற்ற அமைப்புடையது. அதன் குறி விளம்பரம் இல்லை, பின்தொடர்பவன்தான். அதனால் சில விளம்பரங்கள் அப்படியே தெரியும். முன்பு யார் பின்தொடர்கிறார்கள் என்று நம் பிரவுசரிலேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அந்தக் கற்றலை வைத்தே நம்மை அடையாளம் காண வழி இருக்கிறது என்று தெரிந்ததும் 2020-ல் அதை இயல்பாக அணைத்துவைத்துவிட்டார்கள். இப்படி ஒத்துக்கொண்டு திருத்துகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோஸ்டரி ஒரு காலத்தில், விரும்பிச் சேர்ந்த பயனர்களிடம் திரட்டிய தகவலை நிறுவனங்களுக்கு விற்றது. 2017-ல் கைமாறி, 2018-ல் நிரலைத் திறந்துவிட்டது. இப்போது மோசமில்லை, ஆனால் யூபிளாக் இருக்கும்போது அது எதற்கு?

இரண்டு தடுப்பான்களைச் சேர்த்துப் போட்டால் ஒன்றன் வேலையை இன்னொன்று கெடுக்கும். பக்கம் உடைந்தால் எதனால் உடைந்தது என்று தேடி மாளாது.

எக்ஸ்டென்ஷன் போடும்போது "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்கும் பாருங்கள், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும்) தனி அறை, தனிப் பூட்டு. அந்த அனுமதி மொத்தச் சாவிக் கொத்து. பாதி வீடுகளில் ஆள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, கொத்து வாட்ச்மேனிடம் இருக்கும். நமக்குச் சொல்லாமல் வாட்ச்மேன் மாறினால்? தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று, திறந்து கிடக்கும் டேப்களை உறங்கவைக்கும் அருமையான எக்ஸ்டென்ஷன். 2020-ல் அதைச் செய்தவர் யாருக்கோ விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூகுள் தூக்கியது. போட்டிருந்தவர்கள் எதையும் புதிதாகப் போடவில்லை, பழையதே தானாக அப்டேட் ஆனது.

இதே காரணத்தால்தான் மெயில் வந்தால் மணியடிக்கும் எக்ஸ்டென்ஷன்களிலும் எனக்குத் தயக்கம். ஜிமெயிலுக்குச் செக்கர் பிளஸ் என்ற எக்ஸ்டென்ஷன் நன்றாகவே வேலை செய்யும், டேப் திறந்திருக்க வேண்டாம், அங்கிருந்தே படித்து அழிக்கலாம். ஆனால் அஞ்சல் பெட்டியையே அதனிடம் திறந்துவிட வேண்டும். விருந்தாளிகளின் பாஸ்போர்ட் நகலெல்லாம் வருகிற பெட்டி அது. அப்பச்சிக்கு, ஜிமெயிலுக்கு மட்டும் விதிவிலக்காக அனுமதி கொடுத்து, அதன் சொந்த டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷனையே போட்டுவிட்டேன். அதற்கு ஜிமெயில் டேப் திறந்தே இருக்க வேண்டும். மூடாதீர்கள் என்று மேசையில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

போன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது, ஃபயர்ஃபாக்ஸில் முடியும், யூபிளாக் ஆரிஜினும் அதில் ஓடும். நோட்டிஃபிகேஷன் பட்டியலை அங்கேயும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆத்தா போனில் ஆறு இருந்தது, அதில் நாலு சமையல் குறிப்பு.