கேளுங்கள், சொல்கிறோம்: பிள்ளை அறைக்கு ஒரு ஷெல்ஃப்

காசிமேடு பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறு வயது மகனுடைய பொம்மை, புத்தகம், ஸ்கூல் பை எல்லாம் தரையில்தான் கிடக்கின்றன. என் கணவர் ட்ரில் பிடிப்பார். ஆசாரி வைக்காமல் நாங்களே மர ஷெல்ஃப் செய்ய முடியுமா? எந்தப் பலகை நல்லது?
– வாசகி, காசிமேடு

தாராளமாகச் செய்யலாம். டிசைனை அப்புறம் பார்க்கலாம், முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீட்டில் ஏதாவது ஒரு சுவர் உப்பு பூத்து உதிர்ந்துகொண்டுதான் இருக்கும். அதையும் பாத்ரூமை ஒட்டிய சுவரையும் விட்டுவிட்டு, காய்ந்த சுவராகப் பார்த்து இடம் குறியுங்கள்.

கடையில் போய் வெறுமனே 'பிளைவுட்' என்று கேட்டால் எம்.ஆர். என்கிற சாதா ரகத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. தண்ணீரைத் தாங்குகிற ஐ.எஸ். 710 தர மரைன் பிளை கேளுங்கள். விலை கூடத்தான், கட்டுப்படியாகவில்லை என்றால் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் ரகம்) வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். என்கிற லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் லைசென்ஸ் யாருடையது, இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

18 மி.மீ. பிளை 8×4 அடி ஷீட் ஒன்று போதும். 4 அடி உயரம், இரண்டரை அடி அகலம், கிட்டத்தட்ட ஒரு அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், பக்கப் பலகை இரண்டும் தட்டு ஐந்தும் எடுத்த பிறகும் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். கடையிலேயே மெஷினில் அறுத்து வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் பிளேடு சுமார் 3 மி.மீ. தின்றுவிடும் என்பதால் 12 அங்குலம் என்று கணக்குப் போடாமல் 11¾ என்று சொல்லுங்கள். அகலத்தை இரண்டரை அடிக்கு மேல் இழுக்க வேண்டாம், புத்தகச் சுமையில் தட்டு நடுவில் தொய்யும். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கி வையுங்கள். அதன் மேல் பொம்மைக் கூடைக்கு 14 அங்குல இடைவெளி, மேலே போகப் போகக் குறைத்துக்கொள்ளலாம்.

பிளையின் விளிம்பில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்கு பிளந்துகொள்ளும், சின்ன பிட்டால் முதலில் துளை போட்டுவிட்டு, பெவிகாலும் வைத்து முடுக்குங்கள். ஸ்க்ரூ எஸ்.எஸ்.ஸாக (துருப்பிடிக்காத ஸ்டீல்) இருக்கட்டும், மஞ்சள் ஸ்க்ரூ உங்கள் ஏரியா காற்றுக்கு சீக்கிரம் துருவேறும். பின்பக்கம் 6 மி.மீ. பிளை அடிப்பதற்கு முன்னால் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

இனி நான் கறாராகச் சொல்லப்போவது ஒன்று: ஷெல்ஃபைச் சுவரோடு பிடித்தே ஆக வேண்டும். ஆறு வயதுப் பையனுக்கு ஒவ்வொரு தட்டும் ஒரு படிதான், மேல்தட்டுப் பொம்மைக்காக ஏறினால் மொத்தமும் அவன் மேலேயே சாயும். மேலே இரண்டு எல் கிளாம்பு போதும். ட்ரில் போடும்போது விழுகிற தூளைக் கவனியுங்கள்: சாம்பலாகவோ வெள்ளையாகவோ வந்தால் பிட் இன்னும் பூச்சில்தான் இருக்கிறது, சிவப்பாக வந்தால்தான் செங்கல். பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் பூச்சே கனமாக இருக்கும், அதனால் ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக்கை நீளமானதாக வாங்குங்கள். ஹவுஸ் ஓனர் முனகினால், காலி பண்ணும்போது புட்டி வைத்து அடைத்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள். இரண்டு ஓட்டைதானே!

வால்டாக்ஸ் ரோட்டில் பழைய தேக்கு வாங்கி மகளுக்கு ஷெல்ஃப் செய்யலாமா?
– வாசகர், பெரம்பூர்

இடித்த வீட்டுக் கதவும் ஜன்னலும்தான் பெரும்பாலும் பழைய மரமாக வரும். நன்றாகக் காய்ந்திருக்கும், இனி வளையாது. குண்டூசித் துளையும் அதிலிருந்து மாவு போல் தூளும் கொட்டினால் மட்டும் தொடாதீர்கள், உள்ளே பூச்சி இருக்கிறது. எனக்குப் பயம் மரத்தைவிட அதன் மேலிருக்கும் பெயின்ட்தான். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் குழந்தை கைக்கும் வாய்க்கும் போகும். பெயின்ட் அடிக்காத துண்டாகப் பொறுக்கி எடுங்கள்.

மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெரு எங்களுடையது. ரெடிமேட் பார்ட்டிகிள் போர்டு ஷெல்ஃப் வாங்கலாமா?
– வாசகி, வியாசர்பாடி

வேண்டாம். பார்ட்டிகிள் போர்டு மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை, ஒரு தடவை ஊறினால் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. 2015, 2023 டிசம்பர் மழையைப் பார்த்த தெருவுக்கு மரைன் பிளையாக இருந்தாலும் தரையில் வைக்காதீர்கள், வெல்டிங் பட்டறையில் ஓர் அடி உயர இரும்பு ஸ்டாண்ட் அடித்து அதன் மேல் ஏற்றுங்கள். அப்போதும் சுவரில் கிளாம்பு உண்டு. அடித்தட்டில் புத்தகம் வேண்டாம், பிளாஸ்டிக் பொம்மை மட்டும் இருக்கட்டும்.