பெர்லினில் ஐந்தாவது வாரம்: பில்ட் உடைந்தால் வேலை போகுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐந்து வாரம். மூன்று வாரம் தனி பிராஞ்சில், அதாவது உங்களுக்கென்று எடுத்த நகலில், எழுதியதை வியாழக்கிழமை டீமுக்குப் பொதுவான மெயினில் மெர்ஜ் செய்ததும் (சேர்த்ததும்) பில்ட் சிவந்துவிட்டது, அதாவது மென்பொருளைக் கட்டிச் சோதிக்கும் தானியங்கி ஓட்டம் தோற்றுவிட்டது. யாரும் திட்டவில்லை, "ரிவெர்ட் செய்துவிட்டேன்" (சேர்த்ததைத் திரும்ப எடுத்துவிட்டேன்) என்று ஒருவர் ஒரே வரி எழுதியதோடு சரி. அந்த அமைதியில் தூக்கம் போய்விட்டது, புரோபெட்சைட்டில், அதாவது தகுதிகாண் காலத்தில், இருக்கிறவனை அனுப்பிவிடுவார்களா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தூக்கம். புரோபெட்சைட் அதிகபட்சம் 6 மாதம். அதுவரை இரு தரப்பும் இரண்டு வார நோட்டீஸில் பிரியலாம் என்பது இங்குள்ள சட்டம். விசாவே வேலையை நம்பி இருக்கும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்யும், அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் இங்கே இருக்கும் பதினோரு வருடத்தில், பில்டை உடைத்ததற்காக ஒருவரை அனுப்பிப் பார்த்ததில்லை. ஊரில் மேனேஜர் பேசாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம். இங்கே குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், சில நேரம் சுருக்கென்று தைக்கிற மாதிரி. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. மெயின் பச்சையாக, அதாவது எல்லா டெஸ்ட்டும் தேறிய நிலையில், இருக்க வேண்டும், அவர் பச்சையாக்கினார், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது அந்த மூன்று வாரம்.

சிஐ (கன்டினியூஸ் இன்டக்ரேஷன், எழுதியதை அடிக்கடி ஒன்றுசேர்ப்பது) என்றால் ஜென்கின்ஸ், கிட்லேப் பைப்லைன் என்று கற்றுக்கொண்டுதான் நாம் எல்லாரும் வருகிறோம். அவை பில்டையும் டெஸ்டையும் தானாக ஓட்டும் கருவிகள். அவை பிறப்பதற்கு முன்பே, 1990களின் கடைசியில், மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக்கும் அவரோடு இருந்தவர்களும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேலைமுறையில் இதை அன்றாட வழக்கமாக வைத்திருந்தார்கள். எழுதியதை யாரும் கையில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நாளுக்கு ஒரு முறையாவது பொதுவான மெயினில் சேர்க்க வேண்டும், சேர்க்கிற ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஓட வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த பைப்லைன் இருந்தாலும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை மெர்ஜ் செய்கிறவர் சிஐ செய்யவில்லை.

"கான்ஃபிளிக்ட் எதுவும் வரவில்லையே அக்கா" என்று எழுதியிருந்தீர்கள். கிட் என்பது எல்லாருடைய மாற்றங்களையும் பதிந்து சேர்க்கும் கருவி. அது வரிகளை ஒப்பிடும், ஒரே வரியை இருவர் மாற்றினால் கான்ஃபிளிக்ட் என்று நிறுத்தும், ஆனால் வரிகளின் பொருள் அதற்குத் தெரியாது. ஒரு உதாரணம். விலையைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் யூரோவில் தந்துகொண்டிருந்தது. நீங்கள் பிராஞ்ச் எடுத்த மறுநாள் ஒருவர் அதை சென்ட்டுக்கு (யூரோவில் நூறில் ஒன்று) மாற்றி, அதை அழைக்கிற பன்னிரண்டு இடங்களையும் திருத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து, உங்கள் பிராஞ்சில், புதிய ஃபைலில், பதின்மூன்றாவது இடத்தை நீங்கள் எழுதுகிறீர்கள், யூரோ என்று நினைத்து. இரண்டு பேரும் ஒரே வரியைத் தொடவில்லை, அதனால் கிட் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். 19.99 யூரோ சட்டைக்கு வாடிக்கையாளர் 1,999 யூரோ என்று பார்ப்பார். தினமும் சேர்த்திருந்தால் அன்று மாலையே டெஸ்ட் சிவந்திருக்கும், காலையில் எழுதியது நினைவில் இருக்கும், பத்து நிமிடத்தில் சரியாகியிருக்கும். மூன்று வாரம் கழித்து அறுபது கமிட்டுக்குள், அதாவது பதிந்த மாற்றங்களுக்குள், தேட வேண்டும்.

வாரக்கணக்கில் கையிலேயே வைத்திருக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில், ரிலீஸுக்கு முன் இரண்டு வாரம் இன்டக்ரேஷனுக்கென்றே ஒதுக்குவார்கள். தனி டீம், ராத்திரி ஷிஃப்ட், விடியும் வரை கூட்டம். முழுதாக முடித்து, சுத்தமாகத் துடைத்து, அப்புறம்தான் பெரியவர்களிடம் காட்ட வேண்டும் என்று நம் கை பழகிவிட்டது. அரைகுறையாகக் காட்டினால் திறமை இல்லை என்று நினைப்பார்களோ என்ற பயம். நானும் இங்கே வந்த புதிதில் பத்தொன்பது நாள் ஒரு பிராஞ்சை வைத்திருந்தேன். டீமில் மூத்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் அதை ஏழு துண்டாக வெட்டிக் காட்டினார். அந்த மதியம் கற்றதை வைத்துத்தான் இன்றுவரை வேலை செய்கிறேன்.

வெட்டுவதுதான் வித்தை. டேட்டாபேஸில் முகவரி நெடுவரிசையை (column) மாற்ற வேண்டும் என்று வையுங்கள். முதல் நாள் புதிய நெடுவரிசையைச் சேர்த்து மெர்ஜ் செய்யுங்கள், அதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், எதுவும் உடையாது. அடுத்து, பழையது புதியது இரண்டிலும் எழுதட்டும். பிறகு பழைய தரவை நகர்த்துங்கள். பிறகு புதியதிலிருந்து படிக்கட்டும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பழையதை நீக்குங்கள். ஐந்து மெர்ஜ், ஒவ்வொன்றுக்குப் பிறகும் மெயின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரை பாதிதான் முடிந்திருக்கிறது என்றால் ஃபீச்சர் ஃப்ளாகுக்குப் பின்னால், அதாவது ஒரு அம்சத்தை மூடித் திறக்கும் சுவிட்சுக்குப் பின்னால், வையுங்கள். எழுதியது மெயினில் இருக்கும், வாடிக்கையாளர் கண்ணில் படாது. ரிவ்யூ செய்கிறவருக்கும் இதுதான் வசதி. நாற்பது வரியை மனிதர் உண்மையாகப் படிப்பார், இரண்டாயிரம் வரி வந்தால் மேலோட்டமாகப் பார்த்து அப்ரூவ் போட்டுவிடுவார்.

மறுபடி சிவக்கும், கட்டாயம் சிவக்கும். அப்போது காரணம் தேடுவதற்கு முன்பே டீம் சாட் சேனலில் "என்னுடையது, பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். பத்து நிமிடத்தில் புரியவில்லையா, நீங்களே ரிவெர்ட் செய்யுங்கள். பதற்றத்தில் அதன் மேலேயே இன்னொரு திருத்தத்தைத் தள்ளாதீர்கள், சேதம் இரட்டிப்பாகும். மெயின் சிவந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மற்ற எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சில நாள் சிவந்து சில நாள் பச்சையாகும் ஃப்ளேக்கி டெஸ்ட் கண்ணில் பட்டால், ரீ-ரன் பட்டனை அழுத்திவிட்டுப் போகாமல் அதைச் சரிசெய்யச் சொல்லி டிக்கெட் போடுங்கள். அந்த பட்டன் பழகிவிட்டால், உண்மையிலேயே சிவக்கிற நாளிலும் யாரும் நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு மெர்ஜ் செய்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சிவந்துவிட்டதே என்று நடுராத்திரி வரை உட்காரவும் வேண்டாம். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்க 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்பதே இங்கே பொதுவான விதி. விடிய விடிய உட்கார்ந்தால் ஊரில் பாராட்டுவார்கள், இங்கே "ஏன் ரிவெர்ட் செய்யவில்லை?" என்று கேட்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், தெரிந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். கிட்ஹப்பில் இருக்கும் ஓபன் சோர்ஸ் புராஜெக்ட்களுக்கு இலவசமாக டெஸ்ட் ஓட்டித் தந்த டிராவிஸ் சிஐ, 2011இல் இதே பெர்லினில் தொடங்கியதுதான்.

ரிவெர்ட் ஆன பிராஞ்சை அழித்துவிடாதீர்கள். திங்கட்கிழமை ஸ்டாண்டப்பில் (டீமின் தினசரிச் சிறு கூட்டத்தில்), "இதைச் சின்னச் சின்னதாக வெட்டி மறுபடி சேர்க்கப் போகிறேன், யாராவது ஒரு மணி நேரம் கூட உட்கார முடியுமா?" என்று கேளுங்கள். முதல் துண்டை அன்றைக்கே மெர்ஜ் செய்துவிடுங்கள், அது ஒரே ஒரு நெடுவரிசையாக இருந்தாலும் சரி.