வாரக் கடைசியில் பில்லிங் நின்றுபோகிறதா? ஸ்டார்ம் கன்ட்ரோல் வைக்கும் முன்...

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்களுக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை. தரைத்தளத்தில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் 24 போர்ட் மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) ஸ்விட்ச், மாடிகளில் சின்ன ஸ்விட்ச்கள். பில் போடும் கம்ப்யூட்டர் 12, கேமரா 16. சனி, ஞாயிறு கூட்டம் ஏறும் நேரம் பார்த்து பில்லிங் அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒன்றுசேர்ந்து படபடக்கிறது. ஆஃப் பண்ணிப் போட்டால் சில நொடி ஓடும், மறுபடி அதே கதை. திங்கட்கிழமை தானாகவே சரியாகிவிடும். ஸ்டார்ம் கன்ட்ரோலை, அதாவது எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் செய்திகளுக்கு ஸ்விட்சில் வைக்கும் வரம்பை, போர்ட் வேகத்தில் 1 சதவீதம் வைத்தால் போதும் என்கிறார் சர்வீஸ்காரர். வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் என்ன கூடுதலாக ஓடுகிறது என்று பாருங்கள். கூட்டத்துக்காக எக்ஸ்ட்ரா கவுன்ட்டர் போடுவீர்கள், அதன் மேஜைக்கடியில் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய 5 போர்ட் ஸ்விட்ச் ஒன்று கிடக்கும். அதிலிருந்து தொங்கும் கேபிளைப் பார்த்த பையன், காலியாக இருந்த ஓட்டையில் சொருகியிருப்பான். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும். திங்களன்று அந்தக் கவுன்ட்டருக்கு கரன்ட் இல்லை, பிரச்சினையும் இல்லை. என் சந்தேகம் முக்கால்வாசி இங்கேதான்.

இப்படி ஒரு வளையம் உண்டாகிவிட்டால் என்ன ஆகிறது? யாருக்கு எந்த ஐபி (நெட்வொர்க் முகவரி) என்று கேட்கும் ஏஆர்பி, ஐபி கேட்கும் டிஹெச்சிபி எல்லாம் பிராட்காஸ்ட்டாகத்தான் போகும். ஸ்விட்ச் அதை, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு, அதைச் சுமந்து போகும் ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. அதனால் ஒரே ஒரு கேள்வி வளையத்தில் சுற்றிச் சுற்றி லட்சக்கணக்கில் பெருகும். இதுதான் ஸ்டார்ம், அதாவது புயல். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தே ஆகவேண்டும் என்பதால் பில்லிங் திணறுகிறது. ஆஃப் பண்ணிப் போட்டதும் சில நொடியில் திரும்பி வருவதும் இதனால்தான்: அடுத்த ஏஆர்பி கிளம்ப அவ்வளவு நேரம்தான் ஆகும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, புயல் அடிக்கும்போதே ஸ்விட்ச்சின் போர்ட் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, உள்ளே வரும் பிராட்காஸ்ட் எண்ணிக்கை எந்தப் போர்ட்டில் எகிறுகிறது என்று பாருங்கள். பக்கமே திறக்கவில்லையா? மாடிக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ, அந்த வழியே போங்கள். ஐபி போன் இருந்தால் அதையும் பாருங்கள். அதில் இரண்டு போர்ட் இருக்கும், இரண்டையும் சுவரில் சொருகிவைப்பவர்கள் உண்டு.

அடுத்து, மெயின் ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ராடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த இந்த முறை, ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் ஒன்றை மூடிவைக்கும். அதன் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், பழைய முறையில் போர்ட் திறக்கவே 30 நொடி ஆகும். கவுன்ட்டர் பக்கப் போர்ட்களில் பிபிடியு கார்டையும் (guard, காவல்) போடுங்கள். பிபிடியு என்பது ஸ்பேனிங் ட்ரீக்காக ஸ்விட்ச் அனுப்பும் செய்தி. மெயின் ஸ்விட்ச் அனுப்பிய பிபிடியு சின்ன ஸ்விட்சில் சுற்றித் திரும்பி வந்தால் அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும். சில மலிவு ஸ்விட்ச்கள் பிபிடியுவையே விழுங்கிவிடும். அதற்காக லூப்பேக் டிடெக்ஷன் (வளையம் கண்டறிதல்) என்று இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்போது அந்த 1 சதவீதத்துக்கு வருவோம். ஸ்டார்ம் கன்ட்ரோல் ஒரு பியூஸ் மாதிரி. ஷார்ட் எங்கே என்று அது தேடாது, கூரை எரியாமல் பார்த்துக்கொள்ளும். கிகாபிட் போர்ட்டில் மிகச் சிறிய ஃபிரேம்கள் நொடிக்கு சுமார் 14,88,000 போகலாம். அதில் 1 சதவீதம் என்றாலும் 14,880. உங்கள் அளவு கடையில் சாதாரண நாளில் பிராட்காஸ்ட் நொடிக்குச் சில பத்துதான் இருக்கும். அதனால் உங்கள் ஸ்விட்ச் பாக்கெட் கணக்கில் அளவு வைக்க விட்டால் அதையே வையுங்கள். ஒரு நல்ல நாளில் உச்ச அளவைப் பார்த்து, அதைப்போல் பத்து மடங்கு வைப்பது என் வழக்கம். ரொம்ப இறுக்கவும் கூடாது. வரம்பு தாண்டினால் நல்ல ஏஆர்பி, டிஹெச்சிபி என்று பார்க்காமல் அதுவும் சேர்ந்தே தூக்கி எறியப்படும். கரன்ட் போய் வந்து எல்லாம் ஒரே நேரத்தில் ஐபி கேட்கும்போது பாதி கம்ப்யூட்டருக்குக் கிடைக்காது.

வரம்பு மீறினால் போர்ட்டை மூடு என்ற அமைப்பை கவுன்ட்டர் போர்ட்களுக்கு மட்டும் கொடுங்கள். மாடிக்குப் போகும் அப்லிங்கில் அதை வைத்தால் ஒரு கேபிளுக்காக ஒரு மாடியே இருண்டுவிடும், அங்கே எச்சரிக்கை மட்டும் போதும். மூடிய போர்ட் பல ஸ்விட்ச்களில் தானாகத் திறக்காது. ரெக்கவரி டைமர் இருந்தால் 5 நிமிடம் வையுங்கள், இல்லையென்றால் ஞாயிறு மாலை யார் போய்த் திறப்பது என்று இப்போதே முடிவுசெய்யுங்கள்.

கேமராக்களைத் தனி விலானில் (அதே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பிரித்துவிடுவதும் நல்லது. அவை அனுப்பும் பிராட்காஸ்ட் பில்லிங் பக்கம் வரவே வராது. அது ஒரு நாள் வேலை, கூட்டமில்லாத நாளில் சர்வீஸ்காரரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.